மோதிரம் யார் கையில்: கணக்கு மீட்புப் படிவத்தை ஒரு பிரதியாக வாசித்தல்

இலக்கியம் படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கையில் எது கிடைத்தாலும் பிரதியாக வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். மளிகைக்கடை ரசீது, கல்யாணப் பத்திரிகை, கல்லூரிச் சுற்றறிக்கை எதுவும் தப்பாது. 2024இல் நான் திரும்பத் திரும்ப வாசித்த பிரதி, முடக்கப்பட்ட இணையக் கணக்கைத் திரும்பப் பெறுவதற்கான ஒரு படிவம். முனைவர் பட்டத்துக்காகப் படித்த உரைகளைக்கூட அத்தனை முறை படித்ததில்லை என்று சொன்னால் என் நெறியாளர் வருத்தப்படுவார்.

கணக்கு என்ற சொல்லே எனக்குப் பிடித்த சொல். தமிழில் அது எண்ணுக்கும் உரியது, எழுத்துக்கும் உரியது. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்றுதான் நம் பழைய நூல்களைத் தொகுத்து வைத்திருக்கிறோம். ஒருத்தி பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் எழுதிச் சேர்த்த இடத்தையும் இன்று கணக்கு என்கிறோம். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

படிவம் எளியது, ஒரு பக்கம்கூட வராது. பதிவு செய்த கைபேசி எண்ணுக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே இடவும் என்கிறது. அந்த எண் இல்லையென்றால் கணக்கு தொடங்கியபோது கொடுத்த மின்னஞ்சல். அதுவும் கைவிட்டுப் போயிருந்தால் அரசு தந்த அடையாள அட்டையின் படம். மூன்று கதவுகளிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: நீ யார்? அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டு, இந்தப் படிவம் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று கேட்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. படிவத்துக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். அவருக்குத் தன் பெயரில் ஒரு தொலைபேசி எண் உண்டு. பிறந்ததிலிருந்து மாறாத ஒரே பெயர் உண்டு. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத இரகசியம் உண்டு. அவரைத் திருட வருகிறவர் எப்போதும் வெளியாள். இப்படி வாழும் பெண்கள் இல்லாமல் இல்லை, சிலரை எனக்கே தெரியும். ஆனால் என் தெருவில் அவர்கள் இல்லை, என் வகுப்பிலும் அதிகம் பேர் இல்லை.

என் கணக்கு முடங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது 2012இல் புனைபெயரில் தொடங்கிய சமூக ஊடகக் கணக்கு. குழந்தை தூங்கியபின் கைபேசியிலேயே எழுதி அங்கேயே இட்ட கவிதைகள் அதில் இருந்தன, முடிக்காமல் சேமித்துவைத்தவையும் இருந்தன. கருப்பையை எடுத்துவிட்டு வீடு திரும்பும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினேன். அதில் சில உறுப்புகளின் பெயர்கள் வந்தன, அவ்வளவுதான். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோது எழுந்த கூச்சலை அடுத்த தலைமுறைக்கு நாம் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அன்று வைதவர்கள் மேடையேறித் தங்கள் முகத்தைக் காட்டி வைதார்கள், பத்திரிகையில் பெயர் போட்டு எழுதினார்கள். இன்று அந்தச் சிரமம் யாருக்கும் இல்லை. பலர் சேர்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஒரு காலையில் கணக்கைத் திறந்தபோது, சந்தேகத்துக்குரிய செயல்பாட்டின் காரணமாகப் பூட்டியிருக்கிறோம், உங்களை உறுதிப்படுத்தவும் என்று வந்தது.

ஆறு இலக்கமும் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் என் கைக்கு வரவில்லை.

2012இல் அந்த எண்ணை வாங்கியது என் கணவர். சிம் வாங்க முகவரிச் சான்று வேண்டும், என் பெயரில் எந்த முகவரியும் கிடையாது. குடும்ப அட்டை அவர் தலைமையில், வாடகை ஒப்பந்தம் அவர் கையெழுத்தில். நான் அப்போது தொகுப்பூதிய விரிவுரையாளர், சம்பளம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். ரீசார்ஜ் செய்ததும் அவர்தான். 2019இல் அந்த வீட்டை விட்டு வரும்போது தையல் மெஷினையும் பீரோவையும் விட்டுவந்ததுபோல அந்த எண்ணையும் விட்டுவந்தேன். புது எண் வாங்கி வங்கிக்கும் கல்லூரிக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் சொன்னேன். கவிதைக் கணக்குக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அது பாட்டுக்குத் திறந்திருந்ததால் அதற்கு ஒரு சாவி உண்டு என்பதே நினைவில் இல்லை.

இது என் மறதி மட்டும் இல்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் தாங்களே பயன்படுத்தும் கைபேசி இருப்பதாகச் சொன்னவர்கள் 53.9 சதவீதம். மீதிப் பேர் என்ன செய்கிறார்கள் என்பது நம் வீடுகளைப் பார்த்தாலே தெரியும்: கணவரின் போன், மகனின் போன், அண்ணனின் போன். அந்த 53.9 சதவீதத்திலும் பயன்படுத்துவது வேறு, சிம் அவர் பெயரில் இருப்பது வேறு. சில காலம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் முடங்கும். முடங்கி 90 நாள் கழிந்தால் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது இந்தியத் தொலைத்தொடர்பு விதி. கையில் காசில்லாமல் ரீசார்ஜை நிறுத்திவைத்த ஒரு பெண்ணின் ஓடிபி, அடுத்த ஆண்டு முன்பின் தெரியாத ஒருவரின் சட்டைப் பையில் ஒலிக்கலாம்.

இங்கேதான் எனக்குச் சகுந்தலை நினைவுக்கு வந்தாள். மகாபாரதத்தின் சகுந்தலை மோதிரம் எதுவும் கொண்டுவருவதில்லை. மகனை அழைத்துக்கொண்டு நேரே சபைக்கு வந்து துஷ்யந்தனோடு வாதிடுகிறாள், கோபப்படுகிறாள், அறம் பேசுகிறாள். கடைசியில் வானத்திலிருந்து ஒரு குரல் வந்து சான்று சொல்ல வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். பேசுகிறவள் அவள். காளிதாசனிடம் வரும்போது கதைக்குள் ஒரு கணையாழி நுழைந்துவிடுகிறது. அது நீரில் விழுந்து, மீன் விழுங்கி, செம்படவன் கையில் கிடைத்து, அரசனிடம் போனபிறகுதான் அரசனுக்கு நினைவு வருகிறது. அவள் கண்ணெதிரே நின்று சொன்ன சொல்லுக்கு இல்லாத மதிப்பு அவள் இல்லாத இடத்தில் காட்டப்பட்ட மோதிரத்துக்கு இருக்கிறது. இந்த இரண்டு சகுந்தலைகளுக்கும் இடையிலான தூரத்தை ரொமிலா தாப்பர் ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார். அந்த நூலை நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஆனாலும் ஆறு இலக்கம் இன்னொருவர் போனுக்குப் போய்விட்ட அந்தக் காலையில்தான் மோதிரத்தின் தர்க்கம் முழுதாக விளங்கியது. மோதிரம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சகுந்தலை. அதைச் செம்படவன் கொண்டுவந்தால் கணக்கு செம்படவனுக்குத் திறக்கும்.

போன் செய்தேன். ஐந்து ஆண்டுகளில் மகனின் கல்விக்கட்டணத்தைத் தவிர வேறெதற்கும் அவரை அழைத்ததில்லை.

"உங்க நம்பருக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். ஆறு நம்பர். அத மட்டும் சொல்லுங்க."

"எதோட நம்பர் இது?"

"என்னோட பழைய கணக்கு. பூட்டிடுச்சு."

"எந்தக் கணக்கு? கவிதை எழுதுவியே, அதுவா? இரு, நான் பாத்துட்டுச் சொல்றேன்."

'பாத்துட்டுச் சொல்றேன்' என்ற அந்தச் சொல்லில் மிரட்டல் இல்லை. கடுமையும் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்ததா என்று பார்க்கிறவரின் சாதாரணக் குரல்தான். பதினைந்து ஆண்டுத் திருமண வாழ்வில் என் கடிதங்கள், என் சம்பளச் சீட்டு, என் மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் முதலில் பார்த்துவிட்டுச் சொன்ன குரல். நான் போனை வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் அந்த ஆறு இலக்கமும் காலாவதியாகிவிட்டது.

சொந்த அறையைப் பற்றி வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதியபோது பணத்தோடு சேர்த்து, கதவில் பூட்டுள்ள அறை வேண்டும் என்றார். பெண்ணியம் படிக்கத் தொடங்குகிற எல்லோரும் முதலில் அடிக்கோடு போடும் இடம் அது. நானும் போட்டிருக்கிறேன். மாற்றுச்சாவி யாரிடம் என்று அடுத்த வரியில் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்ற நாற்பத்தைந்து வயது ஆக வேண்டியிருந்தது. கணக்கு திறந்திருக்கிறவரைக்கும் அது எல்லோருக்கும் தன் கணக்குதான். பூட்டியபிறகு யாரால் திறக்க முடிகிறது என்பதில்தான் உரிமை வெளியே தெரிகிறது. நிலப்பட்டா, நகை, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் நாம் கண்டது இதுவே.

இரண்டாவது கதவு இரகசியம். என் பழைய மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. அது பழங்காலத்து மின்னஞ்சல் என்பதால் பாதுகாப்புக் கேள்வி கேட்டது: உங்கள் தாயாரின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர் என்ன?

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1906இல் அமெரிக்க வங்கியாளர் சங்கத்தின் கூட்டம் ஒன்றில் பால்டிமோர் வங்கியாளர் வில்லியம் ஹேடன், வாடிக்கையாளரைக் கையெழுத்தால் மட்டும் அறியாமல் பிறந்த ஊர், தொழில், வயது, தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர் ஆகியவற்றையும் அட்டையில் எழுதிவைத்துக் கேட்கும் தன் வங்கியின் வழக்கத்தை விவரித்திருக்கிறார். இவ்வளவு விஷயங்களில் தாயின் பெயர் ஏன் இரகசியமாகப் பயன்பட்டது? திருமணத்தோடு அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. ஊருக்குத் தெரியாது, அண்டைவீட்டாருக்குத் தெரியாது, பிள்ளைக்கு மட்டும் நினைவிருக்கும். ஒரு பெண்ணின் முதல் பெயர் அவ்வளவு முழுமையாக அழிந்துபோனதால்தான் அது நல்ல கடவுச்சொல் ஆயிற்று. வங்கிப் பெட்டகங்களை நூறாண்டுக்குமேல் காத்துநின்ற பூட்டு இந்த அழிப்பால் செய்யப்பட்டது. பெண்ணியக் கோட்பாட்டு வகுப்பில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

நம் ஊருக்கு அந்தக் கேள்வி பொருந்தவும் செய்யாது. என் அம்மாவுக்குக் குடும்பப்பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். கல்யாணத்துக்கு முன் அவள் அப்பாவின் 'மு.', பின் என் அப்பாவின் 'இரா.'. 2005 வாக்கில் மின்னஞ்சல் தொடங்கியபோது நான் அதற்கு என்ன பதில் எழுதினேன் என்பது தெரியவில்லை. தாத்தாவின் பெயரா, அம்மாவின் பெயரா, எழுத்துக்கூட்டல் எப்படி? 2015இல் கூகுள் ஆய்வாளர்கள் தங்கள் பயனர்களின் பாதுகாப்புக் கேள்விகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையின்படி, ஆங்கிலம் பேசும் அமெரிக்கப் பயனர்களில் 40 சதவீதம் பேருக்குத் தேவைப்படும் நேரத்தில் தங்கள் பதிலே நினைவுக்கு வரவில்லை. ஆனால் ஆங்கிலம் பேசுகிறவரின் பிடித்த உணவு எது என்ற கேள்விக்கு ஒரே ஊகத்தில் சரியான பதிலைச் சொல்ல 19.7 சதவீத வாய்ப்பு திருடனுக்கு இருந்தது. சொந்தக்காரிக்கு மறக்கும், திருடனுக்குத் தெரியும். நம் ஊரில் அந்தக் கேள்விக்குப் பிரியாணி என்று போட்டுப் பார்க்கத் திருடன் தேவையே இல்லை.

2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பாலினின் யாஹூ மின்னஞ்சலை ஒரு கல்லூரி மாணவர் திறந்துவிட்டார். அவர் கணினிக் கில்லாடி எல்லாம் இல்லை. பிறந்த நாள், அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் எங்கே சந்தித்தீர்கள் என்ற மூன்றுக்கும் பொதுவெளியில் கிடைத்த செய்திகளிலிருந்தே பதில் தேடிவிட்டார். பாலினின் அரசியலோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் ஒரு மாநில ஆளுநரின் கணக்குக்கு வெளியே பூட்டாகத் தொங்கியது அவர் கணவரைச் சந்தித்த இடம் என்பதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

சரி, பாலினுக்கு வந்தது வெளியாள். கரேன் லெவியும் புரூஸ் ஷ்னையரும் 2020இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை நெருக்கமான உறவுகளுக்குள் நிகழும் அந்தரங்க மீறலைப் பற்றியது. பாதுகாப்பு ஏற்பாடுகளை வடிவமைப்பவர்கள் தாக்குகிறவரை முன்பின் அறியாதவராகக் கற்பனை செய்துகொள்கிறார்கள், கூடவே வாழ்கிறவர் தாக்கும்போது அந்த ஏற்பாடுகள் உதவுவதில்லை என்பது அதன் வாதம். கணவனுக்குத் தெரியாத பாதுகாப்புக் கேள்வி எது? முதல் பள்ளி, பிடித்த ஆசிரியர், பிறந்த மருத்துவமனை, வளர்த்த நாயின் பெயர் என்று எல்லாவற்றையும் காதல் பேசிய நாட்களில் நாமே சொல்லியிருப்போம். கைரேகையைக்கூடத் தூங்கும்போது எடுத்துவிடலாம். குடும்பத்துக்குள் இரகசியம் வைத்திருப்பவள் கெட்டவள் என்று சொல்லி வளர்க்கப்பட்டவளிடம், இரகசியம் இருந்தால்தான் நீ நீ என்று ஒரு படிவம் சொல்கிறது.

இதற்குப் பெண்கள் கண்டுபிடித்த தந்திரங்களையும் ஒருவர் ஆய்வு செய்திருக்கிறார். நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளில் பேசிச் சேகரித்து 2018இல் வெளியிட்ட கட்டுரை, போனைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் பெண்களைப் பற்றியது. அந்தரங்கம் என்பது எனக்கல்ல, அந்தப் பணக்காரப் பெண்களுக்குத்தான் என்று ஒரு பெண் சொன்னதையே தலைப்பாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படிச் சொல்லும் பெண்கள் செய்வது வேறாக இருக்கிறது. செயலிக்குத் தனிப் பூட்டுப் போடுகிறார்கள், ஒரு குறிப்பிட்ட செய்தியை மட்டும் அழிக்கிறார்கள், சிலவற்றை அந்தப் போனில் தொடுவதே இல்லை. பாட்டிகள் கடுகு டப்பாவில் காசு வைத்ததும் சல்மா தன் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதிப் புனைபெயரில் வெளியே அனுப்பியதும் இதே வரிசையில் வருபவை. மறைத்தல் நம்முடைய பழைய கலை. மீட்புப் படிவம் இந்தக் கலைக்கு நேர் எதிரி. அது வெளிச்சத்தில், எழுத்துப்பூர்வமாக, சான்றோடு கேட்கிறது.

அப்படித்தான் மூன்றாவது கதவுக்கு, பெயரிடம் வந்தேன்.

அட்டையின் படத்தை அனுப்பினேன். அட்டையில் இருப்பது முன்னெழுத்தோடு கூடிய என் பெயர், கணக்கில் இருப்பது புனைபெயர். பொருந்தவில்லை என்று பதில் வந்தது. எழுதியவர் மனிதரா இயந்திரமா என்பதுகூட அதில் தெரியவில்லை. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே படிவம்தான். என் தொகுப்புகள் மூன்றின் முகப்பையும் படமெடுத்து அனுப்பினேன். நூலகத்தில் அந்தப் பெயரில் நான் இருக்கிறேன், பாடத்திட்டத்தில்கூட ஒரு கவிதை இருக்கிறது என்றெல்லாம் எழுதினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இந்த அளவுகோலை வைத்தால் தமிழ் இலக்கியத்தில் பாதிப் பேர் வெளியே நிற்கவேண்டும். சி.எஸ். லக்ஷ்மி அட்டையைக் காட்டி அம்பை உள்ளே போக முடியாது. விருத்தாசலம் புதுமைப்பித்தனைத் திறக்க முடியாது. மனைவியின் பெயரில் எழுதிய ரங்கராஜனுக்கு சுஜாதாவின் கணக்கு வேண்டுமானால் திருமதி சுஜாதாதான் அட்டை காட்டவேண்டும். (இந்த ஒரு இடத்தில் மட்டும் படிவம் பெண்களுக்குச் சாதகமாக இருக்கிறது.) இன்னும் பின்னால் போனால் காக்கைபாடினியார் நச்செள்ளையார். பாடிய காக்கையே அவருக்குப் பெயராயிற்று. எழுதியதே எழுதியவளின் அடையாளச் சான்று என்ற ஒரு மரபு நம்மிடம் இருந்திருக்கிறது. நான் புத்தக முகப்புகளை அனுப்பியபோது அறியாமலே அந்த மரபைத்தான் துணைக்கு அழைத்திருக்கிறேன்.

பெயர் விஷயத்தில் இழந்தவர்கள் கவிஞர்கள் மட்டும் இல்லை. 2014இல் ஃபேஸ்புக் உண்மைப் பெயர் விதியைக் காட்டி சான் பிரான்சிஸ்கோவின் பெண்வேடக் கலைஞர்களின் கணக்குகளை முடக்கியது. அவர்கள் போராடி, அந்த ஆண்டு அக்டோபரில் நிறுவனத்தின் உயர் அதிகாரி கிறிஸ் காக்ஸ் மன்னிப்புக் கேட்டார். நம் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமானது 2015இல் கேரளத்தில் நடந்தது. அப்துல் கலாமின் மறைவையொட்டி அவரை விமர்சித்து எழுதிய ஒரு பெண்ணைக் கூட்டமாக வசைபாடினார்கள், கூட்டமாகப் புகார் செய்தார்கள். கணக்கு முடங்கியது, அடையாள அட்டை கேட்கப்பட்டது. கணக்கு திரும்பி வந்தபோது அவர் வேண்டாம் என்று விட்டிருந்த சாதிப்பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வசைபாடியவர்கள் செய்ய முடியாததைப் படிவம் செய்துவிட்டது.

வுல்ஃப் அறையைப் பற்றி எழுதிய அதே 1929இல்தான் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிச் சாதிப்பட்டங்களை விடச் சொன்னது. அந்த மாநாட்டின் பயனாகத்தான் தமிழ்நாட்டில் நாம் இன்று முன்னெழுத்தோடு மட்டும் திரிகிறோம். முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் போட்டு வரும் படிவத்தில் நம் மாணவிகள் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். கடைசிக் கட்டத்தில் அப்பா பெயர். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயர். எழுதியது எது என்று அவளுக்கே நினைவிருக்காது, அட்டையில் ஒன்று, கணக்கில் ஒன்று. சாதியை உதறிவிட்டு வந்த இடத்தில் ஆண் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. இதைச் சொன்னால் என் இயக்கத் தோழர்கள் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

மறுக்கப்பட்டபின் முறையீடு செய்தேன். தமிழில் முறையீடு என்றால் கண்ணகியைத் தவிர்த்துப் பேச முடியுமா? நானும் வழக்குரை காதையை எடுத்துவைத்து மறுபடி படித்தேன். இம்முறை என் கண் கண்ணகியிடம் போகவில்லை, வாயிலோனிடம் போனது. ஒருத்தி சிலம்போடு வாசலில் நிற்கிறாள் என்று உள்ளே போய்ச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறான். பயந்துபோய்ச் சொல்கிறான், கொற்றவையோ காளியோ என்றெல்லாம் குழம்புகிறான், ஆனால் போய்ச் சொல்கிறான். அரசன் அவளை வரச்சொல்லி யார் நீ என்று நேரில் கேட்கிறான். அவளும் படிவம் நிரப்புவதுபோலத்தான் தொடங்குகிறாள்: ஊர், ஊரின் அரசர்கள், கணவன், மாமனார், கடைசியில்தான் தன் பெயர். ஆனால் அந்த விவரங்களால் வழக்கு வெல்லவில்லை. என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்கிறாள். தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அரசன். உடைத்துப் பார்க்கிறார்கள். உடைமைக்குள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்ததே சான்று. என் கணக்குக்குள் முடிக்காத கவிதைகள் எவை, எந்த வரியில் நிறுத்தியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. உடைத்துப் பாருங்கள் என்று எழுதினேன். கேட்பதற்கு அங்கே அரசன் இல்லை. அநீதியான அரசன்கூட இல்லை.

சட்டத்தில் வாயிலோன் உண்டு. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். 24 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்ததை ஒப்பவேண்டும், 15 நாளில் தீர்க்கவேண்டும் என்று 2024இல் இருந்தது. அவர் பதிலில் நிறைவில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இதற்கென ஒன்றிய அரசு 2023 ஜனவரியில் மூன்று மேல்முறையீட்டுக் குழுக்களை அமைத்தது. யார் அமைத்த குழு, யாருக்காகத் தீர்ப்பு சொல்லும் என்ற ஐயங்கள் நியாயமானவை. ஆனாலும் அப்படி ஒரு வாசல் இருப்பது நம் மாணவிகளுக்குத் தெரியவேண்டும். எனக்குத் தெரியாது. தெரிந்தபோது என் 30 நாள் கழிந்திருந்தது.

இதுவரை எழுதியதில் நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அந்தக் கணக்கில் கவிதைகள் மட்டும் இல்லை. உள்பெட்டியில் பெண்கள் எழுதிய செய்திகள் இருந்தன. கவிதையைப் படித்துவிட்டு எழுதத் தொடங்கி, பிறகு கவிதையை விட்டுவிட்டுத் தங்கள் கதையை எழுதியவர்கள். யாரிடமும் சொல்லாததை, முகம் தெரியாத புனைபெயர்க்காரியிடம் சொன்னவர்கள். சிலர் பெயரோடு, ஊரோடு எழுதியிருந்தார்கள். அந்த ஆறு இலக்கம் யார் போனுக்குப் போகிறதோ அவரால் அதையெல்லாம் திறக்க முடியும் என்பது அன்று போனை வைத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் திறந்திருப்பாரா என்றால், திறந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அவருக்கு அவ்வளவு ஆர்வம் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பெண்களின் இரகசியம் என் முன்னாள் கணவரின் ஆர்வக்குறைவை நம்பி இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

அதற்குப் பிறகு என் முறையீடுகளின் தொனி மாறியது. திறந்து கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவள், அந்த எண்ணை நீக்குங்கள், யாருக்கும் திறக்காதீர்கள் என்று கேட்கத் தொடங்கினேன். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. நீக்கவேண்டுமானாலும் உள்ளே வந்துதான் நீக்கவேண்டும். உள்ளே வரவேண்டுமானால் அந்த ஆறு இலக்கம். சில மாதம் கழித்து, கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது, இந்த முடிவை மாற்ற இயலாது என்று ஒரு வரி வந்தது. என் பன்னிரண்டு ஆண்டுக் கவிதைகள் போனதற்கு நான் அழுதிருக்கவேண்டும். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

கவிதைகளில் சில வாசகிகளிடம் கிடைத்தன. படமெடுத்து வைத்திருந்தார்கள், நோட்டில் எழுதி வைத்திருந்தாள் ஒருத்தி. முடிக்காதவை போனது போனதுதான்.

இப்போது மூன்றாமாண்டு வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்தும்போது ஒரு நாளை இதற்கு ஒதுக்குகிறேன். உன் ஓடிபி யார் போனுக்கு வருகிறது, உன் மின்னஞ்சலின் மீட்பு எண் யாருடையது என்று கேட்கிறேன். முதலில் சிரிக்கிறார்கள். பிறகு போனை எடுத்துப் பார்க்கிறார்கள். அப்பா எண், அண்ணன் எண், கல்லூரியில் சேர்க்கைப் படிவம் நிரப்பிக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர் அண்ணாவின் எண்கூட ஒருத்தியிடம் இருந்தது. மாற்ற முடிந்தவர்கள் அங்கேயே மாற்றிக்கொள்கிறார்கள். மாற்றினால் வீட்டில் தெரிந்துவிடும் என்கிறவளிடம் நான் எதுவும் வற்புறுத்துவதில்லை. எப்போது மாற்றுவது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கினால், எட்டு இலக்கத்தில் பத்துக் குறியீடுகள் தருகிறார்கள். போன் இல்லாவிட்டாலும் அவற்றில் ஒன்றைக் கொண்டு உள்ளே போகலாம், ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். யாருடைய எண்ணையும் கேட்காத கதவு அது. அச்சிட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது பக்கம். பத்திரமாக என்றால் எங்கே என்று அதற்குத் தெரியாது. நான் என் தாளை நாலாக மடித்து, எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் எடுத்துப் புரட்டாத ஓர் உரைநூலுக்குள் வைத்திருக்கிறேன். எந்த உரைகாரர் என்று இங்கே எழுதப்போவதில்லை.